பள்ளியின் பெயர் தவணை கட்டுமா?

அமெரிக்கக் கட்டடக்கலைப் பள்ளிகளின் அனுமதிக் கடிதங்கள் மார்ச் மாதத்தை ஒட்டி வந்து சேரும். அவற்றோடு ஓர் அறிவுரையும் வந்துவிடும்: கிடைத்ததில் எது பெரிய பெயரோ அதில் சேர்ந்துவிடு, கடனைப் பற்றிக் கவலைப்படாதே, அது தானாக அடைந்துவிடும். பேராசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். அதே பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். சென்னையிலும் ஹைதராபாத்திலும் விண்ணப்பம் போட்டுத் தரும் கன்சல்டன்சிகள் சொல்லாமல் இருப்பார்களா? ‘இது செலவில்லை, முதலீடு’ என்ற வாக்கியம் அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

முதலீடு என்றால் வரவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். மருத்துவத்திலும் சட்டத்திலும் அந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலாவது உண்டு. கட்டடக்கலை முதுகலைப் படிப்பில் அந்தக் கேள்வியையே நாகரிகக் குறைவாகப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. கலைக்கு விலை பேசலாமா என்கிறார்கள். கட்டணச் சீட்டு அனுப்பும்போது மட்டும் பள்ளிகள் விலையைக் காசு சுத்தமாகப் பேசுகின்றன.

உரிமத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் ஒருவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ள அந்தந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மூன்று படிகள்: கட்டடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் வாரியமான என்.ஏ.ஏ.பி.யின் அங்கீகாரம் பெற்ற பட்டம், 3,740 மணி நேரப் பதிவு செய்யப்பட்ட அலுவலக அனுபவம், ஆறு பகுதிகள் கொண்ட ஏ.ஆர்.இ. தேர்வு. இந்த அங்கீகாரத்தில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று கிடையாது. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. அலபாமாவிலோ ஆர்கன்சாவிலோ அரசுப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய அங்கீகாரப் பட்டமும், ஹார்வர்டில் மூன்றரை ஆண்டு படித்து வாங்கிய எம்.ஆர்க். பட்டமும் உரிம வாரியத்தின் மேசையில் ஒரே எடைதான். பெயருக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு டாலர்கூட ஒரு மணி நேர அனுபவத்தையோ ஒரு தேர்வுப் பகுதியையோ குறைக்காது.

பெயர் சம்பளத்தையாவது கூட்டுமா? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2023 கணக்குப்படி ஆர்க்கிடெக்டுகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,310 டாலர். அதே ஆண்டில் வழக்கறிஞர்களுக்கு 1,45,760. மருத்துவர்களுக்கு 2,39,200 அல்லது அதற்கு மேல். ஆர்க்கிடெக்டுகளின் எண்ணில் இருபது முப்பது ஆண்டு அனுபவக்காரர்களும் அடக்கம். பட்டம் வாங்கிய கையோடு சேர்பவர்களுக்குக் கிடைப்பது இதைவிடக் கணிசமாகக் குறைவு. அலுவலகங்கள் ஆளெடுக்கும்போது கேட்பவை போர்ட்ஃபோலியோ, எத்தனை ஆண்டு அனுபவம், ரெவிட் மென்பொருள் கைவருமா, உரிமத் தேர்வில் எத்தனை பகுதி முடிந்திருக்கிறது என்பவை. பள்ளியின் பெயர் நேர்காணலுக்கு அழைப்பு வாங்கித் தரலாம். உள்ளே போன பிறகு, பக்கத்து மேசையில் அரசுக் கல்லூரிக்காரர் வாங்கும் சம்பளத்தைச் சுற்றித்தான் இவருடையதும் இருக்கும்.

இந்தச் சம்பளம் ஏன் இப்படி என்பதற்கு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்க ஆர்க்கிடெக்டுகள் சங்கமான ஏ.ஐ.ஏ., தன் உறுப்பினர்கள் கட்டணத்தில் போட்டி போடக் கூடாது என்று தடை வைத்திருந்தது. அது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று அரசு வழக்குத் தொடுத்தது. 1972-ல் சங்கம் உடன்பாட்டுத் தீர்ப்புக்கு இணங்கித் தடையை விலக்கிக்கொண்டது; 1990-ல் இரண்டாவது தீர்ப்பும் வந்தது. அதிலிருந்து கட்டணம் என்பது பேரம்தான். ஒரு வேலைக்கு நாலு அலுவலகம் விலை சொல்ல, குறைத்துச் சொன்னவருக்கு வேலை போகும். அந்தக் குறைவு கடைசியில் விடிகிற தலை, இரவு பதினொரு மணிக்குப் படிக்கட்டு விவரப்படம் வரைந்துகொண்டிருக்கும் புதுப் பட்டதாரியுடையது. எந்தப் பல்கலைக்கழகத்தின் முத்திரையும் இந்தக் கணக்கை மாற்றியதில்லை.

இப்போது கடன் பக்கம். 2006-லிருந்து அமெரிக்க முதுகலை மாணவர்கள் ‘கிராட் பிளஸ்’ என்ற கூட்டாட்சிக் கடனை, பள்ளி சொல்லும் மொத்தச் செலவு வரைக்கும் வாங்க முடிந்தது. உச்சவரம்பு கிடையாது. 2024-25 கல்வியாண்டில் அதன் வட்டி 9.08 விழுக்காடு. அதற்கு மேல், கடன் கைக்கு வருமுன்பே 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் கட்டணமாகப் பிடித்துக்கொள்வார்கள். முதுகலை மாணவர்களுக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசே ஏற்கும் சலுகையும் 2012-லேயே போய்விட்டது. ஆக, ஸ்டூடியோவில் முதல் மாடலுக்கு அட்டை வெட்டும் நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது.

ஒன்றரை லட்சம் டாலர் கடன், 9 விழுக்காடு வட்டி, பத்தாண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால் மாதம் ஏறக்குறைய 1,900 டாலர் கட்ட வேண்டும். முடியும்போது கட்டியிருக்கும் தொகை 2,28,000. ஆண்டுக்கு 65,000 டாலர் சம்பளத்தில் சேரும் ஒருவருக்கு, வரி போக மாதம் நாலாயிரம் டாலர் சொச்சம் கையில் நிற்கும். அதில் 1,900 தவணைக்குப் போனால், நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ மிச்சத்தில் வாடகை கொடுத்துச் சாப்பிட்டு, உரிமத் தேர்வுக்கும் பணம் கட்டிப் பார்க்கட்டும். அதே ஆள் வேறொரு பள்ளியில் 40,000 டாலர் கடனோடு முடித்திருந்தால் தவணை 500 டாலரைச் சுற்றி இருந்திருக்கும். மாதம் 1,400 டாலர் வித்தியாசம், பத்து ஆண்டுகளுக்கு. ‘தானாக அடைந்துவிடும்’ என்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவையாவது காகிதத்தில் எழுதிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டங்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. ஆனால் தவணை வட்டியைக்கூட ஈடுகட்டாதபோது அசல் அப்படியே கிடக்கும், அல்லது வளரும். பொதுச் சேவை செய்பவர்களுக்குப் பத்தாண்டுகளில் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் அரசு, லாப நோக்கமற்ற அமைப்பு ஊழியர்களுக்கானது. தனியார் கட்டடக்கலை அலுவலகத்தில் உழைத்த ஆண்டுகள் அதில் சேராது. பைடன் அரசு பெருமையோடு கொண்டுவந்த ‘சேவ்’ தவணைத் திட்டம் 2024-ல் நீதிமன்றத்தில் சிக்கியது, 2025-ல் வந்த ஒரு சட்டத்தில் அதற்கு முடிவு கட்டப்பட்டது. இருபத்தைந்தாண்டுக் கடனை இரண்டு தேர்தல்கூடத் தாங்காத திட்டத்தை நம்பி வாங்கச் சொல்வது எந்த வகை முதலீட்டு ஆலோசனை?

கணக்கில் தோற்றதும் மறுதரப்பு புகழுக்குத் தாவும். பெரிய ஆர்க்கிடெக்டுகள் எல்லாம் பெரிய பள்ளிகளில் படித்தவர்கள் என்பார்கள். ஐ.எம். பெய் ஹார்வர்டில் படித்தார், தாம் மேய்ன் 1978-ல் அங்கே முதுகலை முடித்தார், உண்மைதான். ஃபிராங்க் கெரியும் ஹார்வர்டுக்குப் போனார். நகரத் திட்டமிடல் படிக்கப் போய் முடிக்காமலே திரும்பினார். 1995-ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய தடாவோ ஆண்டோ எந்தக் கட்டடக்கலைப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. 2018-ல் வாங்கிய நம்மூர் பி.வி. தோஷி பம்பாய் ஜே.ஜே. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு லண்டன் போய், அங்கிருந்து பாரிஸில் லெ கொர்புசியேவின் அலுவலகத்துக்குப் போனவர். ஆனால் ஆண்டோவைக் காட்டிப் பள்ளிக்கே போகாதே என்று சொல்வது எவ்வளவு அபத்தமோ, பெய்யைக் காட்டி ஒன்றரை லட்சம் டாலர் கடன் வாங்கு என்பதும் அவ்வளவே அபத்தம். ஆண்டுக்கு ஒரு பரிசு. அதை வைத்து ஆயிரக்கணக்கான பட்டதாரிகளின் மாதத் தவணையை அளக்க முடியாது.

பரிசுப் பட்டியல்தான் வேண்டுமென்றால் ஏ.ஐ.ஏ. தங்கப் பதக்கத்தைப் பார்க்கலாம், அது தொழில் செய்பவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1990-ல் வாங்கிய ஃபே ஜோன்ஸ் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த முதல் வகுப்பைச் சேர்ந்தவர். 2020-ல் வாங்கிய மார்லன் பிளாக்வெல் அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை முடித்து, வாழ்நாள் வேலையை ஆர்கன்சாவில் செய்தவர். 2023-ல் வாங்கிய கேரல் ராஸ் பார்னி இல்லினாய் அரசுப் பல்கலைக்கழகத்துக்காரர். அவர் வடிவமைத்த சிகாகோ ஆற்றங்கரை நடைபாதையில் உலாவும் யாரும் அவருடைய பட்டம் எந்த ஊருடையது என்று விசாரிப்பதில்லை.

மறுதரப்பின் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்றே ஒன்று: தொடர்புகள். அதை மறுப்பது நேர்மையாகாது. பெயர்பெற்ற பள்ளியின் ஸ்டூடியோவுக்கு வருகைப் பேராசிரியராக வருபவர் நியூயார்க்கிலோ ராட்டர்டாமிலோ அலுவலகம் வைத்திருப்பார். ஜூரியில் உட்காரும் ஆறு பேரில் இருவர் மறுவாரமே வேலைக்கு அழைக்கலாம். கல்லூரி ஆசிரியர் வேலையைக் குறிவைப்பவருக்கு இந்தச் சங்கிலி உண்மையிலேயே உதவும். ஆனால் அந்தச் சங்கிலி கொண்டுபோய் விடும் இடங்களைப் பாருங்கள். நட்சத்திர அலுவலகங்கள் நீண்ட நேர வேலைக்கும் மெலிந்த சம்பளத்துக்கும் பேர்போனவை. 2022-ல் லாஸ் ஏஞ்சலிஸ் சை-ஆர்க் பள்ளியில் அலுவலக வாழ்க்கையைப் பற்றி நடந்த ஒரு கலந்துரையாடல் மாணவர்களிடையே பெரிய கொந்தளிப்பைக் கிளப்பியதற்குக் காரணமே இந்த உழைப்புக் கலாசாரம்தான். குறைந்த சம்பளத்தில் சேர்ந்து பெயர் சம்பாதிக்கும் வசதி, கடன் இல்லாதவருக்குத்தான் உண்டு. கடன் வாங்கித் தொடர்பைச் சம்பாதித்தவரால் அந்தத் தொடர்பைப் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. அவர் மருத்துவமனையும் தரவு மையமும் வரையும் பெருநிறுவனத்துக்குப் போய்விடுகிறார், தவணை அங்கேதான் ஓடும். அது தாழ்ந்த வேலை இல்லை. ஆனால் அதற்கு இந்தப் பெயர் தேவைப்பட்டிருக்கவே இல்லை.

ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மாக்பி 1993-ல் டி.கே. ரூத்தோடு சேர்ந்து தொடங்கிய ‘ரூரல் ஸ்டூடியோ’வை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. அலபாமாவின் வறிய ஹேல் கவுண்டியில் மாணவர்களே ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். 2005-லிருந்து இருபதாயிரம் டாலரில் ஒரு நல்ல வீடு என்ற இலக்கோடு ஒவ்வொரு வகுப்பும் மாதிரிகளைக் கட்டிப் பார்த்தது. பெரிய பெயர்ப் பள்ளி ஒன்றில் விடுதிச் செலவோடு ஓராண்டுக் கட்டணம் இதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். பெரிய பெயர்ப் பள்ளிகளின் பிரசுரங்களில் சமூக நோக்கம், காலநிலை, பின்தங்கியோர் குடியிருப்பு என்ற சொற்கள் தாராளமாக இருக்கும். மாதம் 1,900 டாலர் தவணை உள்ளவர் அந்த வேலைகளில் எதையும் செய்ய மாட்டார், செய்யவும் முடியாது.

வேலையே இல்லாத காலமும் வரும். கட்டுமானத் தொழில் வட்டி விகிதத்தோடு ஏறி இறங்குவது, ஆர்க்கிடெக்டுகளைத்தான் முதலில் வெளியே அனுப்பும். 2008 சரிவுக்குப் பிறகு ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, புதிதாகப் பட்டம் வாங்கிய கட்டடக்கலை மாணவர்களில் 13.9 விழுக்காட்டினர் வேலையின்றி இருந்தனர். அது ஒப்பிட்ட துறைகளில் மிக மோசமான நிலை. வேலை நிற்கலாம், வட்டி நிற்காது.

இந்தியாவிலிருந்து போகும் மாணவர்களுக்கு இதே கதை இன்னும் கூர்மையானது. ஐந்தாண்டு பி.ஆர்க். முடித்தவர் இங்கே கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துகொண்டால் போதும், தொழில் செய்யலாம். அமெரிக்காவில் அவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கொலம்பியாவின் மூன்று செமஸ்டர் மேல்பட்டம் போன்ற, ஏற்கெனவே தொழிற்பட்டம் வைத்திருப்பவர்களுக்கான படிப்பு. இவற்றுக்குப் பொதுவாக என்.ஏ.ஏ.பி. அங்கீகாரம் இருக்காது. அங்கே உரிமம் வேண்டுமென்றால் இந்தியப் பட்டத்தைத் தனியாக மதிப்பீட்டுக்கு அனுப்பி, குறைகிற பாடங்களை நிரப்ப வேண்டும். இத்தனை லட்சம் கொட்டிப் படித்த படிப்பு உரிமத்துக்கு நேரடியாக உதவாது என்பதைப் பலர் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

விசாவில் இன்னொரு சிக்கல். படிப்பு முடிந்து வேலை பார்க்கக் கிடைக்கும் ஓ.பி.டி. காலம் பன்னிரண்டு மாதம். ‘ஸ்டெம்’ பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம். வெறும் ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற வகைக் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. ‘கட்டடக்கலை மற்றும் கட்டட அறிவியல் தொழில்நுட்பம்’ என்ற குறியீடு இருக்கிறது. பாடத்திட்டம் ஏறக்குறைய அதேதான் என்றாலும் பல பள்ளிகள் குறியீட்டை மாற்றிக்கொண்டன, சில மாற்றவில்லை. ஓராண்டா மூன்றாண்டா என்பது கடனை டாலரில் அடைப்பதா ரூபாயில் அடைப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது. பள்ளியின் தரவரிசையைப் பத்து தடவை பார்ப்பவர்கள் இந்தக் குறியீட்டை ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. அதன் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். 2025 செப்டம்பரில் முன்மொழியப்பட்ட விதி உயர் ஊதிய நிலையினருக்குக் குலுக்கலில் கூடுதல் வாய்ப்பு தருவது. தொடக்க நிலை ஆர்க்கிடெக்ட் அந்த வரிசையில் எங்கே நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்க அரசுக் கடன் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. ஆகவே ஊரில் வீட்டுப் பத்திரம் வெளியே வருகிறது. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, வழக்கறிஞர் கருத்துரை, கடைசியில் வங்கியின் மதிப்பீட்டாளர் டேப்பைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடி வரை அளந்துவிட்டுப் போவார். அப்பா கடன்தாரரோடு சேர்ந்து கையெழுத்திடுவார். 60 லட்ச ரூபாய், 11 விழுக்காடு, பத்தாண்டு என்றால் மாதத் தவணை 82,000 ரூபாயைத் தாண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. விசா அமையாமல் ஊர் திரும்பினால், சென்னை அலுவலகங்களில் புதியவருக்குத் தரும் சம்பளம் இதில் மூன்றில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. வட்டிக்கு வரிச்சலுகை உண்டே என்று யாராவது ஆறுதல் சொன்னால், வரி கட்டுமளவு சம்பளம் வந்தால் பார்க்கலாம் என்பதுதான் பதில்.

மாற்று இல்லாமலும் இல்லை. டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் போட்டி முறையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை வாங்கிய வெளிமாநில, வெளிநாட்டு மாணவர், மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தையே கட்டலாம் என்று சட்டத்திலேயே இடம் உண்டு. பல அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரிய உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணமே தள்ளுபடியாகும். கேட் தேர்வு எழுதித் திருச்சி என்.ஐ.டி.யிலோ டெல்லி எஸ்.பி.ஏ.விலோ எம்.ஆர்க். சேர்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும். இங்கே ஆசிரியர் வேலைக்குப் போக அந்தப் பட்டமே போதும். 2022-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற புர்கினா ஃபாசோவின் பிரான்சிஸ் கெரே, தச்சுப் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி போய், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

பள்ளிகள் அனுப்பும் நிதியுதவிக் கடிதங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. உதவித்தொகைக்குக் கீழேயே கடனையும் ‘வழங்கப்பட்டது’ என்ற தலைப்பில் அச்சிடுவது அங்கே வழக்கம். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2022-ல் ஆராய்ந்தபோது, 91 விழுக்காடு கல்லூரிகள் மாணவர் கையிலிருந்து உண்மையில் போகும் நிகரச் செலவைக் கடிதத்தில் சொல்லவில்லை அல்லது குறைத்துச் சொல்லியிருந்தன.

2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் இந்த ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கிடையாது. முதுகலைக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம். ‘தொழில்முறைப் பட்டம்’ என்றால் ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். கல்வித் துறையின் விதிக் குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட தொழில்முறைப் பட்டியலில் மருத்துவமும் சட்டமும் இறையியலும் இருக்கின்றன, கட்டடக்கலை இல்லை. ஏ.ஐ.ஏ. எதிர்ப்புத் தெரிவித்தது. தொழிலின் மரியாதைக்காக அந்த எதிர்ப்பு நியாயம். ஆனால் மாணவர் இன்னும் ஒரு லட்சம் டாலர் கூடுதலாகக் கடன்பட வழி விடுங்கள் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். கட்டணத்தைக் குறையுங்கள் என்று பள்ளிகளைப் பார்த்து அதே குரலில் கேட்டிருக்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி எழும். கடன் வாங்காதே என்றால், பெரிய பள்ளிகள் பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கடன் ஏழையைச் சும்மா உள்ளே விடுவதில்லை, உள்ளே விட்டதற்கு வாழ்நாள் வாடகை வாங்குகிறது. உண்மையிலேயே கதவைத் திறந்த பள்ளி நியூயார்க்கின் கூப்பர் யூனியன். 1859-ல் தொழிலதிபர் பீட்டர் கூப்பர் தொடங்கியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்த எல்லோருக்கும் முழுக் கட்டண உதவித்தொகை கொடுத்தது. டேனியல் லிபெஸ்கிண்ட், எலிசபெத் டில்லர், ஷிகெரு பான் மூவரும் அங்கே படித்தவர்கள். பிறகு அந்தப் பள்ளியே கடன் வாங்கியது. கிரைஸ்லர் கட்டடம் நிற்கும் தன் நிலத்தை ஈடாகக் காட்டி 2006-ல் 17.5 கோடி டாலர் வாங்கி, தாம் மேய்னின் மார்போசிஸ் அலுவலகம் வடிவமைத்த பளபளப்பான புதுக் கட்டடத்தை எழுப்பியது. சில ஆண்டுகளில் வட்டி மூச்சை முட்ட, 2014-லிருந்து மாணவர்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. கல்லூரித் தலைவரின் அறையை மாணவர்கள் வாரக்கணக்கில் முற்றுகையிட்டார்கள், வழக்கு நடந்தது, 2018-ல் பத்தாண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்புவதாகத் திட்டம் வகுத்தார்கள். அந்தச் சிறிய பள்ளியால் அப்படி ஒரு தேதி குறிக்க முடிந்தது. ஐம்பது பில்லியன் டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் ஹார்வர்டில், அப்படிச் செய்ய முடியாததற்கு, ஒவ்வொரு பள்ளியும் தன் வரவுசெலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டைக் காரணம் காட்டுவார்கள். அதே ஏற்பாட்டின்கீழ், அந்த வரவில் ஒரு பகுதிக்கு இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி தனியார் கடன் நிறுவனத்தின் படிவத்தில் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பாள், பக்கத்தில் ஜாமீன்தாரராக அவளுடைய அப்பா.